புரோட்டீன் பவுடர் வாங்காமலே உடம்பைத் தேற்றலாம்

என் அக்காவின் மகனுக்கு வயது 15. சென்ற மாதம் அவன் தாயிடம் கேட்டது ஒரு புரோட்டீன் பவுடர் டின். அதன் விலை அக்கா நுண்கடனுக்குக் கட்டும் மாதத் தவணையை விடக் கூட. "ஜிம்முக்குப் போற பெடியள் எல்லாரும் குடிக்கிறாங்கள் மாமா" என்றான். ஜிம் இருப்பது ரவுணில். அவன் இன்னும் ஒருநாள்கூட அங்கே போனதில்லை. அக்காவோ மறுக்கவில்லை, காதுத்தோட்டை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

அதனால் முதலில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வளரும் வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.9 கிராம் புரதம் போதும். அவன் 50 கிலோ, ஆகவே 45 கிராம். அவித்த பயறு, கடலை அல்லது கௌபி, அவிக்க முன் 50 கிராம் நிறுத்தால், 10 முதல் 12 கிராம் தரும். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். மூன்று வேளைச் சோறு, புட்டிலும் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது. கணக்கு முடிந்துவிட்டது. மீன் வாங்க முடியாத நாளில் 30 கிராம் சோயாமீற் ஏறக்குறைய 15 கிராம் தரும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்றால் கல்சியமும் கிடைக்கும். உப்புக் கூட என்பதால் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் தொடங்கினேன். 2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்கு 16 வயது. முகாமில் சோறும் பருப்பும் தின்று மெலிந்த உடம்பு, தொடையில் ஒரு சிறு ஷெல் துண்டு. தறப்பாள் கொட்டிலில் இருந்து விடியற்காலையில் ஓடத் தொடங்கினேன். அம்மா படலையடிக்கு ஓடிவந்து, "ஏன் மேனே ஓடுறாய்? ஆர் துரத்துறாங்கள்?" என்று கத்தினார். ஓட்டம் என்றால் எங்கள் வீடுகளில் வேறு அர்த்தம். பிள்ளைகளே, ஓடப் போவதை முதல்நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்பதையும்.

நான் விட்ட பிழை, முதல்நாளே மூன்று கிலோமீற்றர் ஓடியது. ஒரு கிழமை நடக்க முடியவில்லை. மருமகனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி 20 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். ஓடும்போது கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூட. மற்ற நாட்களில் 10 தோப்புக்கரணம், திண்ணையில் கை ஊன்றித் தண்டால் எட்டு, இரண்டு சுற்று. நிலத்தில் தண்டால் எடுப்பதெல்லாம் பிறகு. பாரம் வேண்டுமென்றால் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஐந்து கிலோ. ஒருநாள் முழு ஓய்வு.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடசாலைக்குச் சைக்கிள் மிதிப்பது, கரப்பந்து, கிளித்தட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ளுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வன்னி வெயிலில் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் ஓட வேண்டாம். இரவு எட்டு மணிநேரத்துக்குக் குறையாத நித்திரையும் வேண்டும். போனை வேறு அறையில் வைத்தால்தான் அது நடக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு வீதி வசதிப்படாது என்பது எனக்குத் தெரியும். முற்றத்தில் கயிறடிக்கலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடக்கலாம். ஆனால் மெலிவதற்காகக் காலைச் சாப்பாட்டை விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். மாதவிடாயால் ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறையும் வயது அது. முருங்கையிலை, பயறு சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். தேத்தண்ணீரை ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். அது இரும்பை உடம்பில் சேரவிடாது. பாடசாலையில் தரும் இரும்புக் குளிசையை எறிய வேண்டாம்.

பணமே செலவாகாத மாற்றம் சீனி. பிளேன்ரீக்கு மூன்று கரண்டி, நாளைக்கு நான்கு தரம் என்றால் 48 கிராம். 25 கிராமுக்குக் கீழே இருப்பதே நல்லது. மருமகன் இப்போது ஒரு கரண்டியில் நிற்கிறான். பாண், றோல்ஸ், மிக்சரை முற்றாக விடச் சொல்லவில்லை, விடவும் மாட்டான்.

முட்டு வருத்தம், நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டே தொடங்க வேண்டும். கூட ஓட வரும் அண்ணாமார், அக்காமாரின் உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் அவர்களும் அப்படியே. என் தொடையில் இருப்பதை எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நான் திரும்ப ஓடினேன்.

மூன்று கிழமையில் மருமகனின் கையில் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு அது பெரிய கவலை. இரண்டு மூன்று மாதமாவது செல்லும் என்று சொல்லியிருக்கிறேன். தோடு அக்காவின் காதில்தான் இருக்கிறது.