மெர்லோ சிவப்பு ஒயின்: மென்மைக்குக் காரணம் என்ன? போர்டோவில் கவலை ஏன்?

பிரான்சின் போர்டோ பகுதி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கேபர்நே சோவின்யோன் திராட்சை. ஆனால், அங்குள்ள சிவப்புத் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் வளர்வது மெர்லோவே. எளிதில் அருந்தத்தக்க மென்மையே அதன் புகழுக்குக் காரணம். அந்த மென்மைக்கு அடிப்படையான இயல்பே, வெப்பம் கூடிவரும் இன்றைய சூழலில் விவசாயிகளுக்குச் சிக்கலாகவும் மாறியுள்ளது.

சிவப்பு ஒயினுக்கு நிறத்தைத் தருவது திராட்சையின் தோல். தோலிலும் விதையிலும் உள்ள டானின் அதற்குத் துவர்ப்பைத் தருகிறது. பால் சேர்க்காத கடுந்தேநீர் நாக்கைப் பிடிப்பதும் இத்தகைய துவர்ப்பினால்தான். மெர்லோவின் தோல் மெல்லியது, புளிப்பும் குறைவு. எனவே, பல ஆண்டுகள் காத்திருக்காமல் இளம் ஒயினாகவே அதை அருந்த முடிகிறது. முதிர்ந்த பிளம், கருஞ்செர்ரி ஆகியவற்றின் மணமும், ஓக் மரப் பீப்பாயில் வைக்கப்பட்டிருந்தால் வெனிலா, கிராம்பின் சாயலும் அதில் தெரியும்.

மெர்லோ, கேபர்நே சோவின்யோனைவிட ஓரிரு வாரம் முன்னதாகப் பழுக்கும். இது தாய்வழி வந்த குணமாக இருக்கலாம். அதன் தந்தை கேபர்நே பிராங்க். தாய்க்கொடியோ நெடுங்காலம் அறியப்படாமல் இருந்தது. பிரித்தானி பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கொடியே அந்த வகை என்பதை மரபணு ஆய்வு காட்டியது. ஜூலை 22-ல் வரும் புனித மக்தலேனாள் திருநாளையொட்டிப் பழுப்பதால், அது 'மாக்தலேன் நுவார் தே ஷராந்த்' எனப் பெயர் பெற்றது.

முன்னதாகப் பழுப்பதால், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில் குளிர்ந்த களிமண் நிலத்திலும் மெர்லோ முழுமையாக விளைகிறது. பொமெரோலில் உருவாகும் விலையுயர்ந்த பெத்ரூஸ் ஒயின் அநேகமாக முழுவதும் மெர்லோவே. மென்மையான ஒயின் என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற கருத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1991-ல் பரப்பியதும், அங்கு அதன் விற்பனை உயர்ந்தது. மெர்லோவும் பெரும் வரவேற்பைப் பெற்றது. மதுவில் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெரிவித்தது. 2004-ல் வெளியான 'சைட்வேஸ்' திரைப்படத்தின் நாயகன் மெர்லோவை வெறுப்பவன். ஆயினும் அவன் போற்றிப் பாதுகாக்கும் 1961-ஆம் ஆண்டின் ஷெவால் பிளாங்க் ஒயினிலும் மெர்லோ கலந்திருப்பதுதான் வேடிக்கை.

சிலியில் மெர்லோ என்று வளர்க்கப்பட்ட கொடிகளில் பல, போர்டோவில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கார்மெனேர் என்பது 1994-ல் கண்டறியப்பட்டது.

கோடை வெப்பம் கூடும்போது, முன்னதாகப் பழுக்கும் பழத்தில் சர்க்கரை விரைவாகச் சேர்கிறது. விதையும் தோலும் முதிர்வதற்குள் அறுவடை நாள் வந்துவிடுகிறது. அந்தச் சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாக மாறுவதால், 14 விழுக்காட்டைத் தாண்டும் மெர்லோ இப்போது அரிதன்று. முன்னதாகவே துளிர்ப்பதால் வசந்தகால உறைபனியும் அதைத் தாக்குகிறது. சில விவசாயிகள் நிழலுக்காக இலைகளைக் கிள்ளாமல் விடுகின்றனர். வேறு சிலர் கேபர்நே பிராங்க் வகைக்கு மாறுகின்றனர். போர்டோவில் 2021-ல் ஆறு புதிய திராட்சை வகைகளுக்கு வரம்புடன் அனுமதி அளிக்கப்பட்டது. தாமதமாகப் பழுக்கும் போர்ச்சுகலின் தூரிகா நாசியோனல் அவற்றுள் ஒன்று.