பற்று, ஒத்தடம், தைலம்

தலைவலிக்குச் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சந்தனக்கல்லிலோ அம்மியின் ஓரத்திலோ நாலைந்து சொட்டு வெந்நீர் விட்டு, சுக்குத் துண்டைச் சாய்த்துப் பிடித்து உரைப்பார்கள். முதலில் நார்தான் பிரியும்; பிறகு வெளிறிய பழுப்பு நிறத்தில் விழுது திரளும். அதைக் கரண்டியில் வழித்து, அடுப்பில் காட்டி, பொறுக்கும் சூட்டில் நெற்றியிலும் இரண்டு பொட்டிலும் தடவுவார்கள். சற்று நேரத்தில் காந்தத் தொடங்கும். காயக் காயத் தோலை இறுக்கிப் பிடிக்கும். முழுவதும் காய்ந்து பொருக்காக உதிரும் நேரத்தில் வலி விட்டிருக்கும். அல்லது வலிக்காரர் தூங்கியிருப்பார்.

அன்றாட வலிகளுக்கு வீட்டில் செய்துகொண்ட மருந்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சூட்டையும் காரத்தையும் எண்ணெயையும் நம்பியவை. நாற்று நட்டுக் களை பறித்துக் குனிந்தே கிடந்த இடுப்புக்குத் தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள். முழங்கால் வீக்கத்துக்கு நொச்சி, ஆமணக்கு, தழுதாழை, எருக்கு இவற்றில் கைக்கு எட்டிய இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கிக் கட்டினார்கள். நீர்க்கோவைக்கும் தலைபாரத்துக்கும் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் வேது பிடித்தார்கள். பல்வலிக்குக் கிராம்பு, சுளுக்குக்கு எண்ணெய் விட்டு வழித்துவிடும் கைப்பழக்கமுள்ள ஒருவர். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் ஓங்கி ஊற்றுவதும் வலிக்கான மருத்துவம்தான். குளிப்பாட்டல் என்ற பேரில் நடந்ததால் அதை யாரும் மருத்துவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தச் சொற்கள் எல்லாம் சித்த மருத்துவ நூல்களிலும் உள்ளன. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று மருந்தின் வடிவங்களை வகுக்கிறது. புறமருந்துப் பட்டியலின் தொடக்கத்திலேயே கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம் ஆகியவை வருகின்றன. தொக்கணம் என்பது உடம்பு பிடித்துவிடுதல். அதிலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டுள்ளது. வலியைப் பெரும்பாலும் வாதத்தின் கணக்கில் எழுதுவது அம்மருத்துவத்தின் வழக்கம். யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என்று எண்ணுகிறது. வைத்தியரும் வீட்டுப் பெண்களும் ஒரே சொற்களைப் புழங்கினாலும் வேலைப் பிரிவினை தெளிவாகவே இருந்தது. புடம் போட்டு எடுக்கும் பற்பமும் செந்தூரமும் வைத்தியர் கையில் இருந்தன. அடுப்பும் அம்மியும் இருந்தால் முடிகிற காரியங்கள் வீட்டோடு நின்றன. வீட்டு வைத்தியத்துக்குக் கைவைத்தியம் என்ற பெயர் பொருத்தமானது. அளவு நூலில் இல்லை, கையில் இருந்தது.

இந்தப் பொருள்களோடு தமிழருக்கு இருந்த பழக்கத்துக்கு இலக்கியத்தில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் மூன்று, மருந்துச் சரக்குகளின் பெயரைத் தாங்கியவை. நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று காரங்களையும், காரியாசானின் சிறுபஞ்சமூலம் கண்டங்கத்திரி, நெருஞ்சி உள்ளிட்ட ஐந்து வேர்களையும், கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம் முதலான ஆறு சரக்குகளையும் குறிக்கும். மூன்றும் அறநூல்கள், மருத்துவத்துக்கும் அவற்றுக்கும் உவமை அளவில்தான் தொடர்பு. திரிகடுகம் என்றதும் சூரணம் நினைவுக்கு வரக்கூடிய வாசகர் இருந்தால்தான் அப்படி ஒரு பெயர் எடுபடும். இஞ்சி என்ற சொல்லும் சரக்கோடு கப்பலேறியது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதன் பெயர் பழைய திராவிடச் சொல்லின் வழிவந்தது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து.

சோழர் காலத்தில் இத்தகைய மருந்துகள் கோயில் கணக்கிலும் ஏறின. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, கோயிலை ஒட்டி 15 படுக்கைகளுடன் நடந்த ஆதுலர்சாலையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும், சாலையில் இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் இருக்கின்றன. பட்டியலில் நாலைந்து தைலங்கள். அவற்றுள் ஒன்று பூண்டையும் ஆமணக்கெண்ணெயையும் கொண்டது என்று அதன் வடமொழிப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. வாய்வுப் பிடிப்புக்குப் பூண்டைத் தட்டி எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கும் வீட்டு வழக்கம், இங்கே மரியாதையான பெயரோடு கல்லில் ஏறியிருக்கிறது.

நாட்டு மருந்து என்ற சொல் இன்று உள்ளூரில் விளைந்தது என்ற பொருளைத் தருகிறது. சரக்குகளின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பல்லுக்கடியில் வைத்த கிராம்பு மொலுக்கத் தீவுகளிலிருந்து வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்துப் பால். பழங்காலத்தில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட கற்பூரம் சுமத்ரா, போர்னியோக் காட்டு மரங்களில் கிடைத்தது. அதை ஏற்றிய துறைகளில் பேர்போனது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ். அதற்கு அருகில் லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் அங்கே செயல்பட்டதைக் காட்டுகிறது. குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயைத் தடவிய பாட்டிக்கு அந்தக் கடல்வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாட்டு மருந்து என்பது சரக்கு பிறந்த ஊரை ஒட்டி வந்த பெயரல்ல. அதைப் புழங்கிய முறையை ஒட்டி வந்த பெயர்.

ஐரோப்பியர் வந்தபின் இவற்றைக் குறித்துவைக்கும் வேலை தொடங்கியது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிருண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்த ஒயிட்லா எய்ன்ஸ்லி 1813இல் வெளியிட்ட நூல், சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடும் பயனோடும் தருகிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப் பல மொழிகளில் வழங்கிய மருந்துப் பெயர்களை ஒப்பிட்டுக் குழப்பம் தீர்த்தார். கப்பலில் வரும் மருந்து விலை கூடியது, உள்ளூர்ச் சரக்கு மலிவு என்ற கணக்கும் இந்த ஆர்வத்துக்குள் இருந்தது. எனினும் வீட்டுப் பழக்கத்தை மாற்றியவை இந்த நூல்களல்ல. ஒரு மரமும் ஒரு சீசாவும்தான் மாற்றின.

மரம் யூகலிப்டஸ். நீலகிரியில் வெள்ளைக்காரக் குடியிருப்புகள் பெருகியபோது விறகுக்காகச் சோலைகள் வேகமாக அழிந்தன. சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. 1843இல் காட்டன் என்ற ராணுவ கேப்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸை அங்கே அறிமுகப்படுத்தினார்; சில பத்தாண்டுகளில் அரசே தோப்புத் தோப்பாக நட்டது. நோக்கம் விறகு ஒன்றுதான். ஆஸ்திரேலியாவிலோ 1852இலேயே ஜோசப் பொசிஸ்டோ அதன் இலையிலிருந்து எண்ணெய் வடித்து விற்கத் தொடங்கியிருந்தார். அங்குள்ள பழங்குடியினர் அதற்கு வெகு காலம் முன்பே இலையை மருந்தாகப் புழங்கியவர்கள். நீலகிரியிலும் பிற்பாடு எண்ணெய் வடிப்பது குடிசைத் தொழிலாக வேர்பிடித்தது.

வடிக்கும் முறை எளிது. உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளி வருவார்கள். பெரிய செப்புக் கொப்பரையில் இலையைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, மூடியின் ஓரத்தைக் காற்றுப் போகாமல் பூசுவார்கள். அடியில் எரிவதும் பெரும்பாலும் அதே மரத்தின் சருகும் சுள்ளியும். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் போய்ச் சொட்டாக இறங்கும். தண்ணீர் கீழே நிற்க, தைலம் மேலே மிதக்கும். கண் எரியும் அந்த நெடிக்குக் காரணம் சினியோல் என்னும் பொருள். ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் ஒரு சீசா தைலம் வாங்காமல் திரும்புவதில்லை என்ற நிலை வந்தது. நொச்சித் தழை கிடைக்காத நகரத்து வீடுகளில் வேது பிடிக்கும் வெந்நீரில் நாலு சொட்டு தைலம் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் மரத்துக்கு நீலகிரித் தைலம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அதை வேற்றூர்ச் சரக்கு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சோலை நிலத்தையும் நீரூற்றையும் பொறுத்தவரை அம்மரம் செய்த கேடு வேறு கணக்கு.

சீசாவின் கதை பம்பாயில் தொடங்குகிறது. கிருஷ்ணா மாவட்டத்துக்காரரான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் அங்கே அமிர்தாஞ்சனம் என்ற மஞ்சள் நிறக் களிம்பை விற்கத் தொடங்கினார். இசைக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற கூட்டத்தில் தலைவலிக்காரர்களுக்குப் பஞ்சம் இருக்காது என்று கணித்தவர் நல்ல வியாபாரிதான். களிம்பில் வந்த பணம் அவருடைய பத்திரிகையைத் தாங்கியது. 1908இல் பம்பாயில் தொடங்கிய ஆந்திர பத்ரிகா 1914இல் சென்னைக்கு வந்தது. களிம்புத் தொழிலும் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. ஆந்திரப் பகுதித் தலைவர்கள் 1937இல் ஸ்ரீபாக் ஒப்பந்தம் செய்துகொண்டது மயிலாப்பூரில் இருந்த அவருடைய வீட்டில். லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொரு திசையிலிருந்தும் சீசாக்கள் வந்தன. ரங்கூனில் ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் நடத்திய மருந்துக் கடையில் உருவாகி, அவருடைய மகன்கள் பூன் ஹாவும் பூன் பாரும் பேரெடுக்க வைத்த டைகர் பாம், 1920களில் சிங்கப்பூரை மையமாக்கிக்கொண்டது. 1928இல் அதே ஊரில் கோடாலி முத்திரையிட்ட எண்ணெய் வெளிவந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போயிருந்த தமிழர்கள் இவற்றை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ரஜூலா கப்பலில் திரும்பியவர்களின் தகரப் பெட்டியில் கைலி, டார்ச் விளக்கோடு கோடாலித் தைலமும் இருந்தது. உறவினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வசதியான பண்டம் அது. சின்னது, உடனே வேலை செய்வது, வெளிநாட்டு வாசம் உள்ளது. இலங்கையில் 1934இல் தொடங்கிய சித்தாலேப அங்குள்ள சிங்கள, தமிழ் வீடுகள் இரண்டிலும் அதே இடத்தைப் பிடித்தது.

களிம்புச் சீசாவுக்குள் இருந்தவை பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டியின் உறவுகளே. கற்பூரம், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ், புதினாவிலிருந்து எடுத்த மென்தால், விண்டர்கிரீன் எண்ணெயில் உள்ள மெதில் சாலிசிலேட். இவை வலியின் மூலத்தைத் தொடுவதைவிட, தோலிலுள்ள உணர்வு நரம்புகளை வேறு பக்கம் திருப்புகின்றன. மென்தால் குளிர்ச்சியை அறியும் நரம்புமுனையைத் தூண்டுகிறது. மிளகாயும் சுக்கும் சூட்டை அறியும் முனையைத் தூண்டுகின்றன. அந்த முனையில் செயல்படும் புரதத்தை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். இஞ்சியைவிடச் சுக்கு ஏன் அதிகம் காந்துகிறது என்பதற்கும் விடை உண்டு: காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரால் நீரை இழந்து, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. பற்றுக்கு இஞ்சியை விட்டுச் சுக்கைத் தேர்ந்த கைகள் இதை நாக்கிலேயே கண்டுகொண்டிருக்கும்.

மெதில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. பூசினால் நல்லது, குடித்தால் நஞ்சு. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை பழைய வீடுகளில் இருந்ததாகத் தெரியவில்லை. எருக்கை ஒடித்த கையைக் கழுவச் சொல்லி அதட்டியவர்கள் அவர்கள்.

அரசு இந்தத் துறையைக் கவனித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் சென்னை மாகாண அரசு அமைத்த குழு 1923இல் அறிக்கை தந்தது. அதையொட்டி இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் திறக்கப்பட்டது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் வந்தது. வைத்தியரின் மருத்துவம் பாடத்திட்டமும் பட்டமும் பெற்றது. வீட்டு வைத்தியம் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, அம்மி இருந்த வரை அம்மியிலும், மிக்ஸி வந்தபின் பெரும்பாலும் சீசாவிலும் நடந்தது. ஒரு துண்டுச் சுக்கை மிக்ஸியில் உரைக்க முடியாது என்பதும் களிம்பின் வெற்றிக்கு ஒரு காரணம்.

இப்போது நாட்டு மருந்துக் கடைகளில் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறார்கள். மூன்றும் கெட்டிப் பொருள்கள்தான். புதினா உப்பு என்று அங்கே விற்கப்படுவது மென்தால். ஜப்பானியப் புதினா வகையிலிருந்து எடுப்பது, அந்தப் புதினா இன்று உத்தரப் பிரதேசத்து வயல்களில் பெருமளவில் விளைகிறது. ஓம உப்பு தைமால். மூன்றையும் சம அளவில் உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் போட்டுக் குலுக்கினால், அடுப்பில்லாமல், தண்ணீர் இல்லாமல், சில நிமிடங்களில் தாமாகவே இளகி எண்ணெய்போல் ஆகிவிடும். அதைத் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து முழங்காலுக்குத் தேய்க்கிறார்கள். கடைச் சீசாவுக்குள் இருந்தது மறுபடி வீட்டில் தயாராகிறது. மூடியின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும் பெயர், வலித் தைலம்.