தானமாடும் பல்லும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குகிறவனுக்குச் சொன்ன பழமொழி. கொடுத்தவரே போய்ப் பார்த்தால்? அமெரிக்காவில் 1915இல் அப்படி ஒன்று நடந்தது. மாட்டுக்குப் பதில் நூலகங்கள்.

எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் அந்நாட்டில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்கள் எழுந்தன. செலவு நான்கு கோடி டாலரைத் தாண்டியது. கேட்கும் ஊர் நிலம் தரவேண்டும். கட்டடத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் வரிப்பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும். பத்தாயிரம் டாலர் வாங்கிய ஊர் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் செலவழித்தாக வேண்டும் என்பது கணக்கு. புத்தகம் வாங்க கார்னகி காசு தரமாட்டார்.

இத்தனையையும் கடிதம் மூலமே நடத்தினார் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். மக்கள்தொகை எவ்வளவு, நிலம் இருக்கிறதா, வரி ஒதுக்கத் தீர்மானம் போட்டாயிற்றா என்று கேட்பார். பதில் சரியாக இருந்தால் பணம். கட்டட வரைபடத்தில் வீண் அலங்காரம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். எப்படிக் கட்டுவது என்று 1911இல் ஒரு குறிப்பேடும் அச்சிட்டார். அதில் ஆங்கிலச் சொற்களையே எழுத்துக் குறைத்து அச்சிட்டிருந்தார்கள். கார்னகி எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் புரவலர் அல்லவா! சிக்கனத்தில் பெர்ட்ராமை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கட்டி முடித்த கட்டடத்துக்குள் யார் வந்து படிக்கிறார்கள் என்பதை அவருடைய படிவம் கேட்கவில்லை.

அதைப் பார்த்துவரத்தான் ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியல் பேராசிரியரை அமர்த்தியது கார்னகி அறநிறுவனம். 1911இல் தொடங்கிய, அப்போது நான்கே வயதான அமைப்பு அது. ஜான்சன் ஏறக்குறைய நூறு நூலகங்களுக்கு நேரில் போனார். மக்கள் எளிதில் வரமுடியாத இடத்தில் நின்ற கட்டடங்களையும், பயிற்சியில்லாத நூலகர்களையும் கண்டார். கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்றாத ஊர்களும் இருந்தன. இனி கட்டடத்தைவிட நூலகர் பயிற்சியில் கவனம் வேண்டும், நேரில் போய்ப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்று 1916இல் அறிக்கை கொடுத்தார்.

பெர்ட்ராமுக்கு இது பிடிக்கவில்லை. கார்னகி வகுத்த வழியை மாற்றுவதா என்பது அவர் வாதம். அதைப் பிடிவாதம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. நிறுவனரின் விருப்பத்தைக் காப்பதும் செயலாளர் வேலைதான். ஆனாலும் 1917 நவம்பரில், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியிருந்த நேரத்தில், புதிய கட்டடங்களுக்கான நன்கொடையை நிறுவனம் நிறுத்தியது. ஏற்கெனவே வாக்களித்த ஊர்களுக்குப் பணம் போனது.

அடுத்த கட்டமாக நூலகர் பயிற்சிப் பள்ளிகளையே ஆராயச் சொன்னார்கள். சார்லஸ் வில்லியம்சன் தயாரித்த அந்த அறிக்கை 1923இல் வெளியானது. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு நிறுவனம் பணம் கொடுத்தது; நூலகவியலில் முனைவர் பட்டம் வழங்கிய முதல் பள்ளி அங்கேதான் தொடங்கியது.