கோயமுத்தூர் லைன் வீடுகள்

பம்பாயின் 'சால்' வீடுகளைப் பற்றிப் பரவசமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நம் கோயமுத்தூரின் லைன் வீடுகளை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பம்பாயில் மாடிமேல் மாடி, பார்க்கக் கம்பீரம். லைன் வீடோ தரையோடு தரையாகக் கிடப்பது. நீளமான ஓட்டுக் கூரை ஒன்று, அதன் கீழே பத்துக் குடித்தனம், நடுவே ஒற்றைச் சுவர்கள்.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார். ஆனால் ஊரைப் புரட்டிப் போட்டது 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்கரா மின்சாரம்தான். நீலகிரியிலிருந்து கம்பி இறங்கியது. ஊரைச் சுற்றிலும் ஆலைகள் எழும்பின. 1931-ல் ஒரு லட்சத்தைத் தொடாத நகரத்தில் 1951-ல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர்! இவர்களெல்லாம் எங்கே தலை சாய்ப்பது? இடம் வைத்திருந்தவர்கள் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

அங்கே கடிகாரம் தேவைப்படவில்லை. மில் சங்கு போதும். "ஏனுங்க அக்கா, சங்கு ஊதியாச்சுங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும், தூக்குப்போசி நிரம்பும். அப்பன் இரவு ஷிப்டு முடிந்து தூங்கினால் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருக்கும். வேலைநிறுத்தம் நீண்டால் ஒரு வீட்டு அரிசி மறுவீட்டு உலைக்குப் போகும். கணக்கு யாரும் எழுதியதில்லை.

இந்த இனிமையை இன்று புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வெளியேறியவர்களே. குடத்தை வரிசையில் வைத்து விடியுமுன் குழாயடியில் காத்திருந்த பெண்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். புருஷன் பெண்சாதி சண்டைகூடப் பத்து வீட்டுக்குப் பொது. சாதி கேட்டு வாடகைக்கு விட்ட சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றுமை என்பது யாருக்குள் ஒற்றுமை?

ஆயினும் கிராமத்தில் தனித்தனித் தெருவில் இருந்திருக்கக் கூடியவர்கள் சில லைன்களிலாவது ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். அதை ஆலைதான் செய்தது. நல்லெண்ணத்தினால் அல்ல, ஆள் தேவைப்பட்டதால்.

1974-ல் நலிந்த ஆலைகள் பல தேசியமயமாயின. பிறகு ஒவ்வொன்றாகச் சங்குகள் ஓய்ந்தன. லட்சுமி மில் வளாகத்திலேயே இப்போது பெருங்கடைகள். லைன் வீடுகள் அங்கங்கே மிச்சமிருக்கின்றன. வாடகைக்கு வருகிறவர்கள் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். குழாயடியில் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. குடங்கள் மட்டும் அதே வரிசையில் நிற்கின்றன.