உருத்திரபுரத்தில் ஓர் இணையத்தளம்: ஆட்களை வரவைப்பது எப்படி?

கிளிநொச்சி நகரிலிருந்து உருத்திரபுரத்துக்குப் போகும் வழியெங்கும் வயல்கள். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் நீரில் விளையும் நெல்லை நம்பித்தான் இந்த ஊர் இருக்கிறது. இங்கு சிவப்பரிசி மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய் தயாரித்து விற்கும் அக்கா ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். 2009 இல் கணவரை இழந்தவர். மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பிவந்து, மா இடித்து விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தன் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. வாழ்வாதார உதவித் திட்டம் ஒன்றின் கீழ் செய்துகொடுத்தது. முதல் வருடச் செலவைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அதன்பிறகு வருடாந்தக் கட்டணத்தை அவரே கட்டுகிறார்.

“ஆர் வந்து பாக்கினம் எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி. காசு கட்டுறது மட்டும்தான் தெரியும்” என்றார்.

எனது கைத்தொலைபேசியில் ‘கிளிநொச்சி அரிசிமா’ என்று தேடிப் பார்த்தேன். அவரது தளம் வரவில்லை. முழு முகவரியையும் தட்டிய பிறகுதான் திறந்தது. முதற்பக்கத்தில் அக்காவின் சோகமான முகம் பெரிய படமாக இருந்தது. அதன் கீழே அவரது போர்க்கால இழப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. மாவின் விலை என்ன, பொதி எத்தனை கிலோ, எப்படி வாங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்பதே நான் வாசித்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது.

வன்னியில் இது ஒருவருடைய பிரச்சினை அல்ல. தளத்தைச் செய்து கையளிப்பதோடு திட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அந்தத் தளத்துக்கு ஆட்களை வரவைப்பது வேறு வேலை. அதில் பெரும்பகுதியைப் பணமில்லாமலே செய்யலாம். எப்படி என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகவரி யாருடைய பெயரில் இருக்கிறது?

முதலில் இதைக் கேளுங்கள். தளத்தைச் செய்தவர் தனது பெயரிலேயே முகவரியைப் பதிவுசெய்திருந்தால், அவர் தொடர்பில்லாமல் போகும் நாளில் உங்கள் தளமும் போய்விடும். பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கவேண்டும். கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். நமது நாட்டுக்கென எல்கே என்று முடியும் முகவரிகள் உண்டு. 2010 இலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது.

தேடுபொறியின் கண்ணுக்கு எது தெரியும்?

கூகுள் போன்ற தேடுபொறிகள் தமது மென்பொருளை இணையமெங்கும் அனுப்பிப் பக்கங்களை வாசிக்கின்றன. வாசித்ததை ஒரு பெரிய அட்டவணையில் சேர்த்து வைக்கின்றன. நாம் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்துதான் பதில் வருகிறது. அதில் சேராத பக்கத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அக்காவின் தளத்தில் பொருட்களின் பட்டியல் ஒரு படமாக ஏற்றப்பட்டிருந்தது. அச்சகத்தில் அடித்த துண்டுப்பிரசுரத்தை அப்படியே போட்டிருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி சரியாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அந்த விபரங்களை எழுத்தாகவும் தட்டவேண்டும்.

எழுத்துருவும் முக்கியம். நம்மவர்களில் பலர் இன்னும் பாமினியில் தட்டுகிறார்கள். பாமினியில் தட்டிய சொல் நமது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்படுகிறது. ‘கிளிநொச்சி’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. யூனிக்கோட்டுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு.

இத்துடன் கூகுளின் ‘சேர்ச் கொன்சோல்’ என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிவுசெய்யுங்கள். எந்தப் பக்கம் அட்டவணையில் சேர்ந்தது, என்ன சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள் என்பதை அது காட்டும். “ஆர் வந்து பாக்கினம்” என்ற அக்காவின் கேள்விக்குப் பெரும்பகுதிப் பதில் அதில் கிடைக்கும்.

வாங்குபவர் எந்தச் சொல்லால் தேடுவார்?

ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர். நமக்குக் கச்சான், தமிழ்நாட்டில் வேர்க்கடலை. நமக்குப் பனங்கட்டி, அங்கே கருப்பட்டி. ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சிலர் ‘உருத்திரபுரம்’ என்று தட்டுவார்கள், சிலர் ‘ருத்ரபுரம்’ என்று தட்டுவார்கள். கொழும்பில் இருந்து தேடுபவர் ஊரைவிட்டு ‘கிளிநொச்சி’ என்று மட்டும் தட்டக்கூடும். இந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தின் தலைப்பிலும் விவரிப்பிலும் இயல்பாக வரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பக்கம் வைத்து விலை, நிறை, எத்தனை நாள் வைத்திருக்கலாம், அனுப்பும் செலவு ஆகியவற்றை எழுதுங்கள்.

சொற்களை மறைவாக அடுக்கி வைத்தால் தளம் மேலே வரும் என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தளத்தின் பின்புறத்தில் எழுதும் ‘கீவேர்ட்ஸ்’ பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது. நம்மில் பலர் முகாமில் இருந்த காலத்தில் காலாவதியான வித்தையை இன்றும் நமக்கு விற்கிறார்கள்.

வரைபடத்தில் ஓர் இடம்

கூகுள் வரைபடத்தில் வியாபாரத்தைப் பதிவுசெய்வது இலவசம். கிளிநொச்சியில் நின்று ‘அரிசிமா’ என்று தேடுபவருக்கு இணையத்தளத்துக்கு முன்பாகவே வரைபடத்தில் உள்ள கடை தெரியக்கூடும். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் அல்லது பொருளைக் கொண்டுசென்று கொடுக்கும் வியாபாரங்களுக்கே இந்த வசதி. பதிவுசெய்பவர் உண்மையிலேயே அந்த வியாபாரத்தை நடத்துகிறாரா என்று கூகுள் சரிபார்க்கும்.

தனியாக வாழும் பெண்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டிலிருந்து வியாபாரம் செய்தால் வீட்டு முகவரியை உலகுக்குக் காட்டத் தேவையில்லை. முகவரியை மறைத்து, ‘கிளிநொச்சி, பரந்தன் பகுதிகளுக்குக் கொண்டுவந்து தருவோம்’ என்று சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். அக்கா முதலில் கேட்டதே இதைத்தான்: “வீட்டுக்கு ஆரும் தேடி வருவினமோ?” வியாபாரத்துக்கென்று தனியான தொலைபேசி இலக்கம் ஒன்று வைத்திருப்பதும் நல்லது.

மற்றவர்கள் காட்டும் வழி

வேறு தளங்கள் உங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் தேடுபொறி அதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்கிறது. 1998 இல் தொடங்கிய கூகுள் மற்றத் தேடுபொறிகளை முந்தியதற்கு இந்த முறை ஒரு முக்கிய காரணம். உங்கள் மாவை வாங்கும் கடை, நீங்கள் அங்கம் வகிக்கும் கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகள் படித்த பாடசாலையின் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றுக்குத் தளங்கள் இருந்தால் ஓர் இணைப்புக் கேளுங்கள். அப்படியான நாலு உண்மையான இணைப்புகள் விலைக்கு வாங்கும் நானூறைவிட மேல்.

விலைக்கு வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெருங்கடை, சம்பந்தமில்லாத ஏராளமான தளங்களில் இருந்த இணைப்புகளின் பலத்தில் கூகுளில் முதலிடங்களில் நின்றது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. இணைப்புகள் தமக்குத் தெரியாமல் போடப்பட்டவை என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் கூகுள் அதைப் பல தேடல்களில் பின்பக்கங்களுக்குத் தள்ளியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நமது சிறு தளம் எம்மாத்திரம்?

‘கூகுளில் முதலிடம் உத்தரவாதம்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அப்படி உத்தரவாதம் தர எவராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. காசு கட்டி மேலே வருவது விளம்பரம். அதில் விளம்பரம் என்று குறிப்பு இருக்கும், காசு முடிந்தால் அதுவும் முடியும்.

முகநூல் போதாதா?

முகநூலும் வட்ஸ்அப்பும் ஆட்களைக் கூட்டிவர நல்ல வழிகள். மா வறுக்கும் காணொளி ஒன்றைப் போட்டு, கீழே தளத்தின் முகவரியைக் கொடுக்கலாம். பொதியின் மேல் ஒட்டும் தாளிலும் முகவரியை அச்சிடலாம். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவதற்கு அதைவிட இலகுவான வழி இல்லை.

ஆனால் அவை வாடகை வீடுகள். சிறு வியாபாரிகள் இலவசமாகத் தளம் அமைக்கக் கூகுள் முன்பு ஒரு வசதி தந்திருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று. சொந்த முகவரி இருந்தால் எங்கு மாறினாலும் வாடிக்கையாளர் பின்தொடர்ந்து வருவார்.

இழப்பை முதற்பக்கத்தில் வைக்கலாமா?

அக்காவின் கதையை முதற்பக்கத்தில் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்திருக்கமாட்டார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் பார்த்து மனமிரங்கி வாங்குவார்கள் என்று நினைத்திருக்கலாம். ஊடகக் கல்வி கற்ற காலத்தில், ஒருவரின் துயரைப் படமெடுக்கும் முன் அவரிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். விளம்பரத்துக்கும் அது பொருந்தும். எந்த மொழியில், எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்பது தெரியாமல் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது.

அக்கா இதை வியாபாரக் கணக்காகவும் சொன்னார்: “பாவம் எண்டு வாங்கிறவை ஒருக்கா வாங்குவினம். மா நல்லதெண்டால்தான் திருப்பி வருவினம்.”

தன் கதையைத் தானே சொல்ல விரும்புபவர் தாராளமாகச் சொல்லலாம். சொல்லாமல் இருப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. மாவைப் பற்றிச் சொல்லவே நிறைய இருக்கிறது: எந்த நெல், எப்படி ஊறவைப்பது, எவ்வளவு வறுப்பது, பிட்டுக்கு எது, இடியப்பத்துக்கு எது. இவற்றைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

அன்று மாலை அக்காவின் மகளும் நானும் முற்றத்தில் இருந்து முதற்பக்கத்தை மாற்றினோம். முகப்படத்தை எடுத்துவிட்டு, சுளகில் பரப்பிய மாவின் படத்தைப் போட்டோம். பொருள், விலை, வட்ஸ்அப் இலக்கம் மூன்றையும் யூனிக்கோட் தமிழில் தட்டினோம். முகவரியின் பதிவை அக்காவின் பெயருக்கு மாற்றித் தரும்படி தளத்தைச் செய்தவருக்கு மகள் மின்னஞ்சல் எழுதினாள்.

சில வாரங்களின் பின் அவள் எனக்கு அழைத்தாள். வவுனியாவில் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் இடியப்ப மா கேட்டு எழுதியிருந்தாராம். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கச் சொன்னாராம். தேடினேன், வந்தது என்று பதில் வந்ததாம். பதிவு மாற்றம் பற்றிய மின்னஞ்சலுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கட்டணத்தைக் கட்டும் முன் அதை முடிக்கவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.