மதிய உணவும் எல்லைக்கோடுகளும்

பள்ளியில் மதிய உணவு என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவன 1956-ஆம் ஆண்டும் 1982-ஆம் ஆண்டும். இதே பசியைப் பற்றிப் பிரித்தானியா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகிறது. அங்கே 'எந்தப் பிள்ளைக்கு உணவு' என்ற கேள்வியோடு 'எந்த ஊர்ப் பிள்ளைக்கு' என்ற கேள்வியும் பிரியாமல் தொடர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

போயர் போருக்குப் படைதிரட்டியபோது, வந்த இளைஞரில் பலர் உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த அதிர்ச்சி பிள்ளைகளின் உணவைப் பற்றிய கவலையாக மாறியது. 1906-இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் உள்ளாட்சிகளுக்கு உணவளிக்கும் உரிமையைத் தந்ததே ஒழியக் கடமையை விதிக்கவில்லை. ஸ்காட்லாந்தோ அதற்குள் அடங்கவே இல்லை. அங்கே 1908-இல்தான் வழி பிறந்தது. ஆக, ஒரு பிள்ளையின் தட்டு நகரமன்றத்தின் மனநிலையைப் பொறுத்து நிறைந்தது அல்லது காலியாகக் கிடந்தது.

பிராட்ஃபோர்டு நகரம் முந்திக்கொண்டது. மார்கரெட் மெக்மில்லன், ஃபிரெட் ஜோவெட் போன்றோர் அதற்காகப் போராடியிருந்தனர். 1907-இல் அந்நகரின் மருத்துவர் ரால்ஃப் குரௌலி உணவு பெற்ற பிள்ளைகளைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். உணவளித்த வாரங்களில் எடை கூடியது, விடுமுறையில் குறைந்தது. விடுமுறை நாட்களிலும் உணவளிக்கச் சட்டம் இடம்தந்தது 1914-இல்.

1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே பள்ளி உணவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிகளின் கடமையாயிற்று. 1980-இல் தாட்சர் அரசு அக்கடமையைச் சுருக்கி, வறுமை உதவி பெறும் குடும்பங்களோடு நிறுத்தியது. பின்னர் அதிகாரம் பகிரப்பட்டதும் பாதைகள் மேலும் பிரிந்தன. இங்கிலாந்து 2014-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வருமானம் பாராமல் உணவளிக்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்து 2022-க்குள் முதல் ஐந்து வகுப்புகளை எட்டியது. வேல்ஸ் 2024-க்குள் தொடக்கப்பள்ளிகள் முழுவதையும் தழுவியது. 2023 முதல் லண்டனும் அவ்வழியில் சென்றது. 2018-இல் யூனிவர்சல் கிரெடிட் உதவி பெறுவோருக்கு இங்கிலாந்து வகுத்த ஆண்டு வருமான வரம்பு 7,400 பவுண்டு. வட அயர்லாந்திலோ அது 14,000.

இதன் பொருளை ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். 2024-இல் வேல்ஸின் ரெக்ஸ்ஹாமில் படித்த எட்டு வயதுச் சிறுமிக்குத் தாயின் சம்பளம் எதுவாயினும் மதிய உணவு உண்டு. அருகே, எல்லைக்கு இப்பால் செஸ்டரில் அதே வயதுச் சிறுமியின் தாய் வரம்பைச் சற்றே தாண்டிச் சம்பாதித்தால் உணவு இல்லை.

வேறுபாடு முழுவதையும் பழிப்பதற்கில்லை. உள்ளூர் உரிமை இல்லையேல் பிராட்ஃபோர்டு முன்னோடியாகியிருக்காது. முன்னே செல்பவரைப் பார்த்தே பின்னிருப்போர் நகர்கின்றனர். யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2026 செப்டம்பர் முதல் உணவு என்று இங்கிலாந்து 2025-இல் அறிவித்ததும் அத்தகைய நகர்வே. ஆனால் பின்தங்கிய ஊர் காலந்தாழ்த்தும் ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிடுகிறார்கள். அரசுகள் காத்திருக்கலாம், எட்டு வயது காத்திருப்பதில்லை.