நகல் இருக்கா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் பாரிவாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டா மாற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே மனு கொடுத்தாராம். இப்போது போய்க் கேட்டால், "அப்படி எதுவும் வரலையே" என்கிறார்களாம். "நகல் இருக்கா?" என்றேன். "இல்லீங்க சார்" என்றார். எனக்குக் கார்பன் பேப்பர் ஞாபகம்தான் வந்தது.

1806-ல் இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செய்தது, பார்வையற்றவர்கள் எழுதுவதற்கான ஒரு கருவி. மைக்கூடு தேடித் தடுமாற வேண்டாம். உலோகக் குச்சியால் அழுத்தினாலே மைத்தாளிலிருந்து எழுத்து பதிந்துவிடும். அலுவலகங்களில் அது உடனே பரவவில்லை. இறகுப் பேனாவை அழுத்தி எழுத முடியாதே! 1874-ல் ரெமிங்டன் டைப்ரைட்டர் சந்தைக்கு வந்தது. அதன் அச்சு ஓங்கி அடித்ததால் அடியில் வைத்த தாளிலும் எழுத்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் கார்பனுக்கு மவுசு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உதவித்தொகைப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. இரண்டு கார்பன் வைத்தால் மூன்று பிரதி. ஒருநாள் கார்பனைத் திருப்பி வைத்துவிட்டேன். எழுத்தெல்லாம் முதல் தாளின் முதுகிலேயே இடவலமாக விழுந்துவிட்டது! தலைமையாசிரியர் திட்டவில்லை. "பளபளக்கிற பக்கம் கீழே இருக்கணும்" என்று சொல்லி மறுபடி எழுத வைத்தார். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் நகலில் தேதியோடு முத்திரையும் வாங்கி வரச் சொன்னார்.

அந்த வருஷம் பட்டியலே வரவில்லை என்று அந்த அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முத்திரை போட்ட கார்பன் நகலைக் காட்டினோம். பிள்ளைகளுக்குப் பணம் வந்தது. மங்கிய நீல எழுத்துதான். ஆனால் எங்களுக்கு அதுதான் சாட்சி.

இன்று ஜெராக்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. கார்பனில் பில் எழுதிய ரேஷன் கடையிலும் மெஷின் வந்துவிட்டது. மின்னஞ்சலில் நீங்கள் போடும் 'சிசி' கூட 'கார்பன் காப்பி'யின் சுருக்கம்தான்.

அந்த மாணவர் புதிதாக மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கி வந்துவிட்டார். நீங்களும் மனுவைப் போனில் படம் எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.